பிரெஞ்சு மடத்துக்கு நாங்கள் கட்டிய கோபுரம்

பிரான்ஸில் ஒரு பள்ளத்தாக்கில் இடிந்த துறவு மடம் ஒன்று இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதாகவும் தெரியவில்லை. ஆனால் அதன் சரித்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசராக இருபது வருடம் குப்பை கொட்டினால் இப்படிப்பட்ட அறிவெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பேசி, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டி அனுப்பும் வரை ஒவ்வொருவர் பின்னாலும் ஓடி, தாமதமானால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் என் வேலை. ஓடுகிற ஓட்டத்தில் துணியில் என்ன படம் அச்சாகிறது என்று நின்று பார்க்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை. அந்தக் குணத்தால் வந்த வினைதான் இது.

அந்த பையர் சின்ன பையர். கோட்டை, அரண்மனை, பழைய மடம் மாதிரியான இடங்களின் வாசலில் இருக்கும் கடைகளுக்கு டி-ஷர்ட் வாங்கிக் கொடுப்பவர். அவர் அனுப்பிய ஆர்டரில் இரண்டு விசேஷம். ஒன்று, முதுகுப் பக்கம் அந்த மடத்தின் கோட்டோவியம், கரி நிறத்தில். இன்னொன்று, துணிக்குச் சாயமே போடக் கூடாது. மெஷினிலிருந்து வந்த கோரா நிறத்திலேயே தைக்க வேண்டும். சாயத்தை நம்பியே பாதி ஊர் பிழைக்கிற இடத்தில் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? எங்கள் முதலாளி மெயிலை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

“ஏனுங்க மேடம், சாயம் வேண்டாம்னா சொல்றாங்க? நல்லாப் பாருங்க, கலர் பேரு உட்டுப்போயிருக்கும்.”

“இல்ல சார். அந்த மடத்துச் சாமியாருங்க சாயம் போடாத கம்பளிதான் உடுத்துவாங்களாம். அதனாலயாம்.”

“அப்பச் செரி. நமக்கு ஒரு வேலை மிச்சம்” என்று சொல்லிவிட்டார்.

ஆர்டரோடு பையர் ஒரு சிறு புத்தகத்தையும் அனுப்பியிருந்தார். மடத்தின் வரலாறு, முழுக்க பிரெஞ்சில். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, போன் கேமராவைப் பக்கத்துக்கு மேலே பிடித்து, அது மொழிபெயர்த்துச் சொல்வதை ஒரு வாரம் படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை. என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு இங்கே வந்தவர்கள். கத்தோலிக்கக் குடும்பம். சர்ச் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். எண்ணூறு வருடத்துக் கோயில் ஒன்று ஏன் இடிந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு பிரபு. செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் துறவிகளுக்கு நிலம் கொடுத்திருக்கிறார். நல்ல நிலத்தைக் கொடுக்க மனம் வருமா? எதற்கும் உதவாத சதுப்புப் பள்ளத்தைத் தாரை வார்த்திருக்கிறார். வந்த துறவிகள் ஒரு டஜன் பேர். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, ஆற்றை ஒரு பக்கமாகத் திருப்பி, மாவரைக்கத் தண்ணீர்ச் சக்கரம் வைத்து, ஆடு வளர்த்துக் கம்பளி விற்று, ஐம்பது வருடத்துக்குள் அந்தப் பள்ளத்தைப் பணக்கார இடமாக்கிவிட்டார்கள். பிறகுதான் கல்லால் அந்தப் பெரிய கோயிலைக் கட்டினார்கள். சாயம் ஆடம்பரம் என்பதால் உடுப்பில் நிறம் கிடையாது. கோயில் ஜன்னல் கண்ணாடியிலும் நிறம் கிடையாது. பேச்சும் கிடையாது, சைகைதான். வயலிலும் மந்தையிலும் உழைத்தவர்கள் தனி வகைத் துறவிகள். அவர்கள் கோயிலுக்குள் வரலாம், ஆனால் நடுவில் ஒரு குறுக்குச் சுவர், அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆடு யார் வளர்த்தது, கோயில் யாருக்கு? எங்கே போனாலும் சுவர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் நீண்ட யுத்தம் வந்தது. சிப்பாய்கள் கூரையை எரித்தார்கள். மறுபடி கூரை போட்டார்கள். பின்னால் வந்த ராஜாக்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மடத்தலைவராக நியமித்தார்கள். அந்தத் தலைவர்கள் மடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் வருமானத்தை மட்டும் தின்றார்கள். கடைசியில் பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது அவ்வளவு பெரிய கட்டடத்தில் மிஞ்சியிருந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய கிழவர்கள். அரசாங்கம் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மடத்தை ஏலம் விட்டது.

ஏலம் எடுத்தவர் ஒரு பஞ்சாலைக்காரர்!

அந்த வரியை நான் இரண்டு தடவை போனைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். துறவிகள் திருப்பிவிட்ட ஆற்றுத் தண்ணீர் தயாராக இருந்தது, சக்கரம் ஓட்ட அது போதும். துறவிகள் மௌனமாக உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் பஞ்சு நூற்கும் மெஷின்களைப் போட்டுவிட்டார். ஆலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குக் குடியிருக்க வீடு வேண்டும். வீட்டுக்குக் கல் வேண்டும். கல் எங்கே இருக்கிறது? கண்ணெதிரே நிற்கிற கோயிலில். தூண்களில் சங்கிலி கட்டி, மாடுகளைப் பூட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஒரு பக்கச் சுவரும், அதில் வெறும் ஓட்டையாக ஒரு வட்ட ஜன்னலும், பாதியில் நின்றுபோன ஒரு வளைவும் மட்டும் விழாமல் நின்றன. பையர் கேட்ட படம் அதுதான்: பாதி வளைவு, வட்ட ஓட்டை, மேலே ஆகாயம்.

இவ்வளவும் தெரிந்தவள் நான். கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமாநல்லூர் போகிற வழியில் ஒரு பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. அதன் உரிமையாளரைக் கம்பெனியில் எல்லோரும் பிரிண்டிங் அண்ணன் என்போம். அறுபது வயது. நெசவுக் குடும்பம். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்வருவார். திரும்பி வந்து ஒரு வாரம் நொண்டி நடப்பார், ஆனால் ஒரு பீஸ் தாமதமாகாது. அவருடைய பட்டறை முக்கால்வாசி எங்கள் கம்பெனி வேலையை நம்பித்தான் ஓடுகிறது. பத்துப் பதினைந்து பேர் அங்கே வேலை செய்கிறார்கள். அவரை எனக்குப் பிடிக்கும். திருப்பூரில் “நாளைக்கு” என்று சொல்லிவிட்டு நாளைக்கே கொடுக்கிற ஆளைப் பிடிக்காமல் போகுமா?

மாதிரிப் பீஸ் எங்கள் கம்பெனியிலேயே அச்சடித்து அனுப்பி, பையர் சரி என்று சொல்லியிருந்தார். மொத்த வேலைக்குப் படத்தைப் பெரிதாக்கி அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதைக் கண்ணாடித்தாள் மாதிரியான பிலிமில் எடுத்து, அதிலிருந்து மை இழுத்து அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்வார். பிலிமில் கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் கறுப்புப் பேனாவால் தொட்டுச் சரிசெய்வது அந்தத் தொழிலில் தினப்படி வேலை. அண்ணனின் கை அதில் தேர்ந்த கை.

முதல் பீஸ் அச்சானதும் நான் போய்ப் பார்த்து, மொத்தமும் அடிக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போனேன். அன்று இன்னும் இரண்டு இடத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கரி நிறம் சரியா என்று நிறத்தாளோடு வைத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன், மை விரியவில்லை. கழுவிப் பார்த்ததைக் காட்டினார்கள், மங்கவில்லை. பிறகு பீஸைத் தூக்கிப் பிடித்துப் படத்தைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வளைவு முழு வளைவாக இருந்தது. வட்ட ஜன்னலுக்குள் தாமரை இதழ் மாதிரி எட்டு இதழ். சுவருக்கு மேலே கூரை. கூரைக்கு மேலே ஒரு கோபுரம், அதன் உச்சியில் ஒரு சிலுவை. எங்கள் ஊர்க் கோயில் மாதிரி அழகாக இருந்தது.

“முன்னாடி நாங்க அடிச்சதைவிட இது கண்ணுக்கு நிறைவா இருக்குண்ணா” என்றேன்.

“அப்படீங்களா? ரொம்ப சந்தோசமுங்க அம்மிணி” என்றார்.

இரண்டு பீஸில் கையெழுத்துப் போட்டேன். வழக்கப்படி ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

மொத்த வேலையும் அச்சாகி, தைத்து, பெட்டி கட்டுகிற நிலையில் பையருக்கு நான்கு பீஸ் கூரியரில் போனது. ஒரு திங்கட்கிழமை காலை மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய டி-ஷர்ட்டும் உண்மையான இடிபாட்டின் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில். கீழே ஒரே கேள்வி: இந்தக் கோயில் எங்கிருந்து வந்தது?

ஒரு வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த இடிபாட்டின் கதையைப் படித்தவள், அது எழுந்து நின்றதைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலாளி பிரிண்டிங் அண்ணனை வரச்சொன்னார். அவர் சட்டையில் மை அப்பியபடியே வந்து நின்றார். முதலாளி டி-ஷர்ட்டை மேஜையில் விரித்தார்.

“இதை யாருங்க வரையச் சொன்னது?”

அண்ணன் குனிந்து பார்த்தார். “ஆருமே சொல்லலீங்க. பிலிமைப் பார்த்தனுங்க, பாதி கோயிலு இல்லீங்க. கம்ப்யூட்டர்ல வெட்டுப்பட்டுப் பாதிதான் வந்திருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. சாமி இருக்கற எடத்தை மூளியா எப்படீங்க அடிக்கறது? அதான் நானே கையில போட்டு முடிச்சுட்டனுங்க.”

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது, முதலாளிக்கும் புரிந்திருக்கும். அண்ணன் தொழில் தொடங்கியதே கோயில் விழாக்களில் கொடுக்கும் துணிப்பை அச்சடித்துத்தான். எங்கள் பக்கம் ஒரு கோயிலில் திருப்பணி நடந்தால், கோபுரத்துக்கு இன்னும் சாரம்தான் கட்டியிருக்கும், செங்கல்கூட ஏறியிருக்காது. ஆனால் கும்பாபிஷேகப் பத்திரிகையிலும் பையிலும் கோபுரம் ஏழு கலசத்தோடு முழுசாக நிற்கும். அரைகுறைக் கோபுரத்தை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அடித்துக் கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள். பின்னப்பட்ட சாமி படத்தை வீட்டில் வைப்போமா? அதே மரியாதையைத்தான் அவர் பிரெஞ்சுக்காரர்களுக்கும் செய்திருந்தார்.

“புரியுதுங்க, ஆனா பையருக்குப் புரியணுமில்ல?” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க பார்த்துட்டுத்தான அடிக்கச் சொன்னீங்க?”

“நான் கலர் பார்க்கத்தான் போனேன் சார்” என்றேன்.

பொய் இல்லை. போனது நிறம் பார்க்கத்தான். ஆனால் எதற்காக அந்த வாக்கியத்தை அப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், “தப்பு என்னோடதுதானுங்க” என்றார்.

அவர் போன பிறகு முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார். “திரும்ப அடிக்கறதுக்கு வேற பட்டறை பாருங்க. அவருகிட்ட இப்பக் கெடக்கற வேலை முடியட்டும். அதுக்கப்புறம் நம்ம பீஸ் ஒண்ணுகூட அங்க போகக் கூடாது.”

நான் தலையை ஆட்டினேன். நாற்பத்தாறு வயதில் தலையாட்டி பொம்மை. இந்த வயதில் வேலை போனால் எந்தக் கம்பெனி எடுக்கும், பையனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் பட்டறையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கும் வயது இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டு வேறு பட்டறைகளுக்குப் போன் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன் இப்படியே போயிற்று.

இதற்கிடையில் பையருக்கு மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு மெயில் எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் கோயிலைக் குறையாக அச்சடிக்கும் வழக்கம் இல்லை, அச்சடித்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மரியாதையில் செய்தது என்று விளக்கியிருந்தேன். என் கையெழுத்தைப் பற்றி அதிலும் ஒரு வார்த்தை இல்லை. பையர் அதை மடத்தைப் பராமரிக்கும் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை காலை அந்தச் சங்கத்துத் தலைவி நேரடியாக எனக்குப் பதில் எழுதியிருந்தார். எழுபது வயதுப் பெண்மணி. அவருடைய தாத்தாவின் தாத்தா அந்தப் பஞ்சாலையில் வேலை செய்தவராம்.

அவர் எழுதியதன் சாரம் இது. உங்கள் அச்சுக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வரைந்த கோபுரம் அழகாகவே இருக்கிறது. ஆனால் அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீடும் அந்தக் கோயிலின் கல்லால் கட்டியவை. என் சமையலறைச் சுவரில் ஒரு தூணின் தலைப்பகுதி இருக்கிறது, அதன் மேல்தான் உப்பு ஜாடி வைக்கிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது பெரிய மனிதர் வந்து, கோயிலைப் பழையபடி எழுப்ப வேண்டும், கற்களைத் திருப்பிக் கொடுங்கள் என்பார். நாங்கள் ஊரே கூடி நின்று வேண்டாம் என்போம். கோயிலில் என்ன இல்லையோ அதுதான் எங்கள் வீடு. அதனால்தான் இடிந்த படத்தையே கேட்டோம்.

படித்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாநல்லூர் சாலைக்குப் போனேன். போன் பண்ணி வாசித்துக் காட்டியிருக்கலாம். ஏன் நேரில் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

பட்டறையில் பாதி டேபிள்கள் சும்மா கிடந்தன. அண்ணன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மெயிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். உப்பு ஜாடி வந்தபோது அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப நானு கோயிலக் கட்டலீங்க” என்றார். “குடியிருக்கறவங்க ஊட்டையல்லோ இடிச்சுப்போட்டிருக்கறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. முதலாளி திட்டியபோதுகூட அப்படிச் சுருங்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். அவருடைய டேபிளுக்கு மேலே ஆணியில் அந்த டி-ஷர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் நீல மையில் என் கையெழுத்து, தேதியோடு. அந்த பீஸ் திங்கட்கிழமையும் அங்கேதான் தொங்கியிருக்கும். முதலாளி அறைக்கு வரும்போது அதை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர ஒரு நிமிடம் ஆகுமா?

“அண்ணா, இதைக் கொண்டாந்து காட்டியிருக்கலாமே?”

“நீங்க கண்ணுக்கு நெறவா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. இத்தனை வருசத்துல கலரு செரி, அளவு செரின்னுதான் எல்லாருஞ் சொல்லுவாங்க. நல்லா இருக்குதுன்னு ஒருத்தருஞ் சொன்னதில்லீங்க. அதைச் சொன்னவங்கள எப்படீங்க கொண்டுபோய்க் காட்டிக் குடுக்கறது?”

நான் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. ஆணியிலிருந்து அந்த பீஸை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தேன். முதலாளி சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். மேஜையில் அதை விரித்து, கையெழுத்து இருக்கும் ஓரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“நான்தான் சார் ஓகே பண்ணினேன். அண்ணனை நிறுத்த வேண்டாம். என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க.”

அவர் கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். “ஏனுங்க, திங்கக்கெழமை கேட்டனே. இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?”

“எங்கயும் போகல சார். உங்க ரூமுக்கு வெளியிலதான் உக்காந்திருந்தேன்.”

அவர் பீஸை மடித்து ஓரமாக வைத்தார். அந்த பையரைத் திங்கட்கிழமையிலிருந்து வேறொருவர் பார்ப்பார் என்றார். வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். புது பிலிம் போடச் சொன்னார்; துணி வெட்டி அனுப்புகிறேன், நீங்களே அடியுங்கள் என்றார். வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்தார்.

“இன்னொண்ணுங்க. மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க ஏனுங்க அன்னைக்கே சொல்லலீங்க?”

மறுமுனையில் அண்ணன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. முதலாளி “உம்”, “உம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“மேடம் கலர் பார்க்கத்தானுங்க வந்தாங்க, படத்தை நான்தான் காட்டலீங்கன்னு சொல்றாரு” என்றார்.

“இல்ல சார்” என்றேன். “காட்டினார். தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். நல்லா இருக்குன்னும் சொன்னேன்.”